சிம்ப்சன்ஸும் பாப் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தொடரைப் பற்றிய பக்கம் இது?

'தி சிம்ப்சன்ஸ்' பற்றியது. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17 அன்று அரைமணி நேரத் தொடராக ஆரம்பித்து, 750 எபிசோடுகளைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்டூன் நகைச்சுவை. அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா, கைக்குழந்தை மேகி. ஊர் பெயர் ஸ்ப்ரிங்ஃபீல்ட்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "நடுவில் ஒரு பாட்டு வருகிறது, யாரோ ஒரு பாடகர் வருகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை." அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கதை முடிவுகள் சில இங்கே வெளிவந்துவிடும். அதனால் ரசனை கெடாது என்பது என் நம்பிக்கை.

அசல் பாட்டு தெரியாவிட்டால் காட்சியை ரசிக்கவே முடியாதா?

முடியும். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 1995 அக்டோபரில் வந்த 'பார்ட் செல்ஸ் ஹிஸ் சோல்' எபிசோடின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம். பார்ட் வாசலில் நின்று எல்லோருக்கும் துதிப்பாட்டுத் தாளை விநியோகிக்கிறான். பாட்டின் பெயர் 'இன் த கார்டன் ஆஃப் ஈடன்', அதாவது ஏதேன் தோட்டத்தில். எழுதியவர் பெயர் ஐ. ரான் பட்டர்ஃபிளை. போதகர் லவ்ஜாய் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அதை அறிவிக்கிறார். சபை முழுக்கப் பாட ஆரம்பிக்கிறது. பாட்டு நீள்கிறது, மேலும் நீள்கிறது. ஆர்கன் வாசிக்கும் வயதான அம்மாள் விரல் நடுங்க நடுங்க வாசித்து, பதினேழு நிமிடம் கழித்து ஆர்கன் மேலேயே சாய்ந்துவிடுகிறார்.

எதுவும் தெரியாமல் பார்த்தாலும் இதில் சிரிப்பு உண்டு. பையனுடைய குறும்பு, பெரியவர்கள் ஏமாறுவது, அந்த அம்மாளின் பாடு, எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன.

தெரிந்து பார்த்தால் அதற்குள் இன்னொரு அறை திறக்கும். அயர்ன் பட்டர்ஃபிளை என்பது ஒரு ராக் குழு. அவர்களுடைய 'இன்-எ-காடா-டா-விடா' 1968இல் வந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அந்த ஒரே பாட்டு பிடித்துக்கொண்டது, நீளம் பதினேழு நிமிடம். ஆர்கன் அம்மாள் சரியாக எத்தனை நிமிடத்தில் சாய்ந்தார் என்று இப்போது புரிகிறதா? பாட்டின் பெயருக்கு அகராதியில் பொருள் கிடையாது. அதை எழுதிய டக் இங்கிள் 'இன் த கார்டன் ஆஃப் ஈடன்' என்றுதான் பாடினார், ஒயின் குடித்திருந்ததால் நாக்கு குழற, டிரம்ஸ் வாசித்த ரான் புஷி காதில் விழுந்தபடியே எழுதிவைத்தார் என்பது அந்தக் குழுவே சொன்ன கதை. ஆக, பார்ட் பொய்ப்பெயர் எதுவும் போடவில்லை. குழறிப்போன பெயரைத் திருத்தி, பாட்டுக்கு அதன் சொந்தப் பெயரையே திருப்பிக் கொடுத்திருக்கிறான்! டக் இங்கிளின் அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் கேட்கும் ஆர்கன் ஒலியின் தாய்வீடே தேவாலயம்தான்.

எனக்கு இந்தப் பாட்டு கார்ட்டூன் வழியாகத்தான் அறிமுகமானது. அசலைத் தேடிக் கேட்டது பிறகு, அதுவும் ஒரு ராத்திரி இயர்போனில் பதினேழு நிமிடமும் முழுதாக. கேலியில் தொடங்கிப் பாட்டுக்குப் போய்ச் சேர்வது தலைகீழ் வழி என்று சிலர் சொல்வார்கள். வாசல் எதுவாக இருந்தால் என்ன, உள்ளே வந்துவிட்டோமே!

இவ்வளவு இசை ஏன் இந்தத் தொடரில்?

உருவாக்கியவர் அப்படிப்பட்டவர். மேட் கிரெய்னிங் கார்ட்டூன் தொடருக்கு வருமுன் லாஸ் ஏஞ்சல்ஸில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். 'லாஸ் ஏஞ்சல்ஸ் ரீடர்' வாரப் பத்திரிகையில் இசைப் பத்தி எழுதினார். தொடக்க இசையை அமைத்த டேனி எல்ஃப்மேன் ஒய்ங்கோ பாய்ங்கோ என்ற ராக் குழுவின் பாடகர். எழுத்தாளர் அறையில் இருந்தவர்களிலும் அறுபது, எழுபதுகளின் வானொலிப் பாட்டோடு வளர்ந்தவர்கள் பலர். லிசா கையில் சாக்ஸபோன் இருப்பதும், தொடக்கக் காட்சியில் அவள் வாசிக்கும் துணுக்கு மாறி மாறி வருவதும் இந்தக் குணத்தின் நீட்சிதான்.

பீட்டில்ஸ்காரர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?

மூன்று பேர். பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நால்வரில் ஜான் லெனன் 1980இலேயே கொல்லப்பட்டுவிட்டார். மற்ற மூவரும் தங்கள் சொந்தக் குரலிலேயே பேசினார்கள்.

முதலில் ரிங்கோ ஸ்டார், 1991 ஏப்ரலில். பள்ளிக்கூட நாளில் மார்ஜ் ரிங்கோவை ஓவியமாக வரைந்து அவருக்கே அனுப்பியிருக்கிறாள், பதில் வரவே இல்லை. ரிங்கோ ரசிகர் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகத் தானே பதில் எழுதிக்கொண்டு வருகிறார், பல வருடக் கடிதங்கள் பாக்கி. கடைசியில் மார்ஜுக்கும் பதில் வருகிறது: ஓவியத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். சின்னக் காட்சிதான். ஆனால் யாருக்காவது ரசிகர் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அதைப் பார்க்கும்போது மனசு இளகிவிடும்.

ஜார்ஜ் ஹாரிசன் 1993இல், பால் மெக்கார்ட்னி 1995இல். இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

'பீ ஷார்ப்ஸ்' எபிசோடில் பீட்டில்ஸ் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். 1993 செப்டம்பர் 30 அன்று ஐந்தாவது சீசனைத் தொடங்கிவைத்த 'ஹோமர்ஸ் பார்பர்ஷாப் குவார்ட்டெட்'. 1985இல் தானும் மூன்று நண்பர்களும் பாட்டுக் குழு வைத்து உலகப் புகழ் அடைந்த கதையை ஹோமர் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். பார்பர்ஷாப் என்பது வாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு ஆண்குரல்கள் இழைந்து பாடும் பழைய அமெரிக்கப் பாணி. ராக் குழுவின் வரலாற்றை அப்படியே தூக்கி, அதற்குச் சம்பந்தமே இல்லாத சாதுவான பாணியில் வைத்ததுதான் இந்த எபிசோடின் மூலயுக்தி.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பீட்டில்ஸ் என்ற பெயர் ஒரு சிலேடை: வண்டு என்ற சொல்லும் தாளம் என்ற சொல்லும் ஒன்றாகக் கலந்தது. பீ ஷார்ப் என்பதும் அப்படியே. மேலைநாட்டு இசையில் ஒரு சுரத்தின் பெயர், காதில் விழுவதோ "கூர்மையாக இரு". முதலில் கேட்கும்போது புத்திசாலித்தனமாகவும் போகப்போகச் சிரிப்பு குறைவதாகவும் ஒரு பெயர் வேண்டும் என்று குழுவுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். பீட்டில்ஸ் என்ற பெயருக்கும் அதுதானே நடந்தது? இன்று அந்தப் பெயரைக் கேட்டு யாருக்கு வண்டு ஞாபகம் வருகிறது?

போலீஸ் அதிகாரி விக்கம் முதலில் குழுவில் இருக்கிறார். பிறகு கழற்றிவிடப்பட்டு அந்த இடத்துக்கு ஹோமரின் குடிகார நண்பன் பார்னி வருகிறான். 1962இல் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட்டை நீக்கி ரிங்கோவைச் சேர்த்த கதை இது. முதல் ஆல்பத்தின் அட்டை 'மீட் த பீட்டில்ஸ்' அட்டையின் அதே பாதி நிழல் முகங்கள். இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'பிக்கர் தேன் ஜீசஸ்'. 1966இல் லெனன் "நாங்கள் இப்போது ஏசுவைவிடப் பிரபலம்" என்று பேட்டியில் சொல்லி அமெரிக்காவில் இசைத்தட்டுகள் கொளுத்தப்பட்டதை நினைத்து வைத்த பெயர். அட்டையில் நால்வரும் பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்தின் அட்டையைப் போலவே வரிசையாக நடக்கிறார்கள், ஆனால் சாலையில் இல்லை, தண்ணீர் மேல்! ஏசு பற்றிய பேச்சும் சாலையைக் கடக்கும் புகைப்படமும் ஒரே படத்தில் சேர்ந்துவிட்டன. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள்.

பிறகு பார்னிக்கு ஒரு ஜப்பானியக் காதலி. மோவின் மதுக்கடையில் அவள் கேட்பது: வாசனைத் திரவியத்தில் மிதக்கும் ஒற்றை பிளம் பழம், ஓர் ஆணின் தொப்பியில் வைத்துப் பரிமாற வேண்டும். மோ கண்ணே சிமிட்டாமல், தினமும் கேட்கிற ஆர்டர் மாதிரி, உடனே எடுத்துக் கொடுக்கிறான். லெனனின் மனைவியான ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோவைக் கிண்டல் செய்தவர்களில் பெரும்பாலோர் "குழுவைப் பிரித்தவள்" என்ற பழியோடு நின்றுவிட்டார்கள். இங்கே எழுதியவர்களுக்கு அவருடைய கலை தெரிந்திருக்கிறது. 'கிரேப்ஃப்ரூட்' என்ற அவருடைய 1964ஆம் வருடப் புத்தகம் முழுக்க இப்படிப்பட்ட விசித்திரக் கட்டளைகள்தான். அடுத்து, பார்னியும் அவளும் ஓர் இசைப்பதிவு போட்டுக் காட்டுகிறார்கள்: "நம்பர் எட்டு" என்ற குரல், நடுவில் பார்னியின் ஏப்பம், திரும்பத் திரும்ப அதேதான். 1968இல் வந்த பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன் 9'இல் "நம்பர் ஒன்பது" என்று ஓயாமல் சொல்லும் குரலைக் கேட்டவர்கள் இங்கே தாங்க முடியாமல் சிரிப்பார்கள்.

முடிவு மொட்டைமாடியில். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் சவில் ரோ தெருவில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் பீட்டில்ஸ் வாசித்தார்களே, அதேபோல மோவின் மதுக்கடை உச்சியில் நால்வரும் பாடுகிறார்கள். கீழே கார் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளேயிருந்து நிஜ ஜார்ஜ் ஹாரிசன் எட்டிப் பார்த்து, இதெல்லாம் ஏற்கெனவே செய்தாயிற்று என்கிறார். அந்த மாடியில் அன்றைக்குக் குளிரில் கிட்டார் வாசித்தவரே அவர்தான்.

குரல் பதிவுக்கு வந்த நாளில் ஹாரிசன் உற்சாகமில்லாமல் இருந்தாராம். எல்லோரும் பீட்டில்ஸ் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க, கிரெய்னிங் மட்டும் 'வொண்டர்வால் மியூசிக்' பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறார்கள். ஹாரிசனின் முதல் தனி ஆல்பம் அது. 1968 ஜனவரியில் அதன் ஒரு பகுதியை பம்பாயில் நம் நாட்டு வாத்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். அதிகம் பேர் கேட்காத ஒன்றைக் கேட்டிருக்கிறேன் என்று ஒருவர் வந்து சொன்னால் எந்தக் கலைஞருக்குத்தான் மனம் குளிராது?

லிசா சைவமான எபிசோடில் சூப் செய்முறை ஒளிந்திருப்பது நிஜமா?

நிஜம். 1995 அக்டோபர் 15 அன்று வந்த 'லிசா த வெஜிடேரியன்'. பால் மெக்கார்ட்னியும் மனைவி லிண்டாவும் ஊர்க் கடைக்காரர் அப்புவின் கடை மாடித் தோட்டத்தில் லிசாவைச் சந்திக்கிறார்கள். 'மேபி ஐம் அமேஸ்ட்' பாட்டைத் தலைகீழாக ஓட்டினால் பருப்பு சூப் செய்முறை கேட்கும் என்று பால் சொல்கிறார். வெறும் வசனம் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அந்தப் பாட்டே ஒலிக்கிறது. அந்தப் பகுதியைத் தலைகீழாக ஓட்டினால் பால் நிஜமாகவே செய்முறையைப் படிப்பது கேட்கும். இறுதியில் ஒரு வரி: "அப்புறம், நான் உயிரோடுதான் இருக்கிறேன்."

அந்த வரி ஏன்? 1969இல் பால் இறந்துவிட்டார், குழு அதை மறைக்கிறது என்று ஒரு வதந்தி பரவியது. ரசிகர்கள் இசைத்தட்டுகளைத் தலைகீழாகச் சுற்றி அதில் ஆதாரம் தேடினார்கள். இருபத்தாறு வருடம் கழித்து, அதே தலைகீழ் வழியில் சம்பந்தப்பட்டவரே பதில் சொல்லிவிட்டார்.

மெக்கார்ட்னி தம்பதி வைத்த நிபந்தனையையும் சொல்ல வேண்டும்: லிசா அடுத்த வாரமே அசைவத்துக்குத் திரும்பிவிடக் கூடாது. எபிசோட் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் இந்தத் தொடரில், அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். லிசா இன்னும் சைவம்தான். 'மேபி ஐம் அமேஸ்ட்' பால் லிண்டாவுக்காக எழுதிய பாட்டு. லிண்டா 1998இல் இறந்துபோனார்.

பாடகர்களே வந்து பேசுகிறார்களா, வேறு யாரும் குரல் மாற்றிப் பேசுகிறார்களா?

பெரும்பாலும் அவர்களேதான். வேறு பாத்திரமாக இல்லாமல் தன் சொந்தப் பெயரிலேயே தோன்றிய முதல் விருந்தினர் டோனி பென்னட், 1990இல். குழுவாக முதலில் வந்தது ஏரோஸ்மித், 1991இல். எனக்குப் பிடித்தது ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழு. 1993இல் கிழட்டு முதலாளி பர்ன்ஸின் பிறந்தநாளுக்கு பங்க் பாணியில் வாழ்த்துப் பாடிவிட்டுப் போகிறார்கள். கடுப்பான பர்ன்ஸ் உதவியாளரிடம் சொல்வது: "ரோலிங் ஸ்டோன்ஸைத் தீர்த்துக்கட்டு." ஐயா, அவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் இல்லை என்று சொல்ல வந்தவனையும் அதட்டி அடக்கிவிடுகிறார். கிதார் தூக்கியவர்கள் எல்லோரும் ஒன்றுதான் என்று நினைக்கும் பெரியவர் எந்த வீட்டில் இல்லை!

மைக்கேல் ஜாக்சன் வந்த எபிசோட் ஏன் கிடைப்பதில்லை?

1991 செப்டம்பரில் வந்த 'ஸ்டார்க் ரேவிங் டாட்'. தன்னை மைக்கேல் ஜாக்சன் என்று நம்பும் ஒருவரை ஹோமர் மனநல மருத்துவமனையில் சந்திக்கும் கதை. பேசியது ஜாக்சன்தான், ஆனால் பெயர்ப் பட்டியலில் ஜான் ஜே ஸ்மித் என்று போட்டார்கள். பாடிய குரல் கிப் லெனன் என்பவருடையது. லிசாவுக்கான பிறந்தநாள் பாட்டை ஜாக்சன் எழுதினார். 2019 மார்ச்சில், ஜாக்சன் மீதான சிறுவர் பாலியல் குற்றச்சாட்டுகளைப் பேசிய 'லீவிங் நெவர்லேண்ட்' ஆவணப்படம் வந்த பிறகு, தயாரிப்பாளர்கள் இதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே விற்ற டிவிடிகளில் இருக்கிறது. எடுத்தது சரியா என்ற வாதத்தில் எனக்கு எடுத்தவர்கள் பக்கமே மனம் சாய்கிறது. குற்றம் சாட்டியவர்களின் பேச்சைக் கேட்ட பிறகு ஒரு குழந்தைக்கான பிறந்தநாள் பாட்டைப் பழையபடி கேட்க முடியவில்லை.

அசல் பாட்டைப் போட அனுமதி வாங்க வேண்டாமா?

வேண்டும். இரண்டு அனுமதி: பாட்டை எழுதியவர் தரப்பில் ஒன்று, பதிவு செய்த கம்பெனி தரப்பில் ஒன்று. கேலிப் பாட்டு என்றால் நிலைமை வேறு. 1994இல் 'ப்ரிட்டி வுமன்' பாட்டைக் கேலி செய்த 2 லைவ் க்ரூ குழுவின் வழக்கில், காசுக்காகச் செய்த கேலியும் நியாயமான பயன்பாடாக, அதாவது அனுமதி தேவைப்படாததாக, இருக்கக்கூடும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் சிம்ப்சன்ஸின் பலம் சட்டத்தில் இல்லை, ஆல்ஃப் கிளாசன் என்ற மனிதரிடம் இருந்தது. 1990 முதல் 2017 வரை தொடரின் இசையமைப்பாளர். வாரா வாரம் நிஜ வாத்தியக் குழுவை உட்காரவைத்துப் பதிவு செய்தவர். ஒரு பாட்டை ஞாபகப்படுத்த வேண்டும், ஆனால் அதே மெட்டாக இருக்கக் கூடாது: கயிற்றின் மேல் நடக்கிற வேலை அது. தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டு வாங்கினார். 2025இல் காலமானார். எபிசோட் முடிந்ததும் "அடுத்தது" பொத்தானை அழுத்தாமல், பெயர்கள் ஓடும்போது வரும் இசையைக் கேளுங்கள். அந்த எபிசோடின் குணத்துக்கேற்பத் தொடக்க இசையையே வேறு பாணியில் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

அந்தந்த வருடத்து ஹிட் பாட்டுகள் ஏன் குறைவாக வருகின்றன?

குரல் பதிவு முடிந்து, படம் வரைந்து, ஒளிபரப்பாக மாதக்கணக்கில் ஆகும். இன்றைய ஹிட் அதற்குள் பழசாகிவிடும். இருபது வருடம் தாக்குப்பிடித்த பாட்டு இன்னும் ஒரு வருடம் தாங்கும்.

ஹோமரின் இசை ரசனை எப்படிப்பட்டது?

எழுபதுகளில் நின்றுவிட்ட ரசனை. 1996இல் வந்த 'ஹோமர்பலூசா'வில் காரில் பிள்ளைகளுக்கு கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோடு குழுவை அறிமுகப்படுத்துகிறான். பாடகர் மார்க் ஃபார்னருக்கு ஒரு பெரிய அடைமொழி. பேஸ் கிட்டார் மெல் ஷாக்கருக்கு அதைவிடப் பெரிய அடைமொழி. டிரம்ஸ் டான் ப்ரூவருக்கு வரும்போது மட்டும் "குறை சொல்ல முடியாத" வாசிப்பு. மூன்றாவது ஆளை இப்படி அளந்து பாராட்ட, அந்த இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டவனால்தான் முடியும்.

அதே எபிசோடில் சைப்ரஸ் ஹில் என்ற ராப் குழு, போதையில் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை வரவழைத்துவிட்டு மறந்துபோய் நிற்கும். பிறகு 'இன்சேன் இன் த பிரெய்ன்' பாட்டை அந்த வயலின்களோடு சேர்ந்து பாடுவார்கள். 2024 ஜூலை 10 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சைப்ரஸ் ஹில் நிஜமாகவே அதே ஆர்கெஸ்ட்ராவோடு மேடை ஏறியது. ஒரு கார்ட்டூன் சிரிப்பு இருபத்தெட்டு வருடம் கழித்துக் கச்சேரியாயிற்று!

எபிசோட் தலைப்புகளிலும் பாட்டு இருக்கிறதா?

நிறைய. 'சண்டே, க்ரடி சண்டே' யூ2 பாட்டிலிருந்து. 'பாப்பா டோன்ட் லீச்' மடோனா பாட்டிலிருந்து. 'ஸ்மோக் ஆன் த டாட்டர்' டீப் பர்ப்பிள் பாட்டிலிருந்து. தலைப்பு பெரும்பாலும் திரையில் வராது, அதனால் தவறவிடுவது சகஜம்.

ஹோமரும் மார்ஜும் எந்த வருடம் காதலித்தார்கள்? ஒவ்வொரு எபிசோடிலும் மாறுகிறதே?

பாத்திரங்களுக்கு வயது ஏறுவதில்லை, காலண்டர் மட்டும் நகர்கிறது. அதனால் அவர்களுடைய இளமைக்காலம் தள்ளிக்கொண்டே போகிறது. அதை அளக்கப் பாட்டுகளைவிட நல்ல அளவுகோல் இல்லை. 1991இல் வந்த 'த வே வீ வாஸ்' எபிசோடில் அவர்கள் பள்ளி முடித்தது 1974. 2008இல் வந்த 'தட் 90ஸ் ஷோ'வில் அதே ஜோடி தொண்ணூறுகளில் கல்யாணம் ஆகாமல் இருக்கிறது. ஹோமர் தொண்ணூறுகளின் ராக் பாணியான க்ரன்ஜில் ஒரு குழு வைத்து, பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மார்ஜ் பிரிந்த துயரத்தை 'மார்ஜரின்' என்று பாடுகிறான். புஷ் குழுவின் 'கிளிசரின்' பாட்டின் சாயல் அது. பல ரசிகர்கள் கோபப்பட்டார்கள், எனக்கும் முதலில் ஒட்டவில்லை. வருடத்தை மாற்றியது கூடப் பரவாயில்லை, அவர்களுடைய பாட்டை மாற்றியதுதான் வலித்தது.

ஏனென்றால் அவர்களுக்கென்று ஒரு பாட்டு உண்டு. 1974 கதையில், பள்ளியில் தண்டனையாக உட்காரவைத்த அறைக்குள் மார்ஜ் நுழைகிறாள். ஹோமர் நிமிர்ந்து பார்க்கிறான். கார்பென்டர்ஸின் 'க்ளோஸ் டு யூ' ஆரம்பிக்கிறது, கேரன் கார்பென்டரின் அந்த ஆழமான, அவசரமே இல்லாத குரலில். கேலி எதுவும் இல்லை, வரியை மாற்றவில்லை, மெட்டைத் திரிக்கவில்லை.

2007இல் வந்த திரைப்படத்தில் அது மறுபடி வருகிறது. மார்ஜ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். போவதற்கு முன் ஒரு வீடியோ டேப்பில் பேசிப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போகிறாள், அவர்களுடைய கல்யாண டேப்பின் மேலேயே. அவள் பேச்சு முடிந்ததும் அடியிலிருந்த பழைய பதிவு தெரிய வருகிறது: இருவரும் கல்யாண நாளில் ஆடுகிறார்கள், பின்னால் அதே பாட்டு. ஹோமர் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.